வெள்ளைத் தொட்டியில் நாலு விரல் கறை

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். சும்மா வாய்க்குச் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் சேத்தூர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் என் வீடு. பின்பக்கம் நாலு வயல் தாண்டினால் சுடுகாடு. மனை வாங்கும்போது சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வேண்டாம் என்றார்கள். செத்தவன் எவனும் வந்து டிவி சத்தத்தைக் குறை என்று சண்டை போட மாட்டான், உயிரோடு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரன்தான் போடுவான் என்று சொல்லிவிட்டு அங்கேதான் கட்டினேன். இருபது வருஷம் அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் பதினேழு வருஷம் ராணுவம். இப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் கேட்டு முடித்துவிட்டு, பாவம், பெண்டாட்டி போன ஏக்கத்தில் மனுஷன் உளறுகிறான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏக்கம் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு யோக்கியதை கிடையாது.

எல்லாம் ஒரு குளியல் தொட்டியால் வந்தது. சிரிப்பு வருகிறதா, வரட்டும். எங்கள் பக்கத்தில் எவன் வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது? என் வீட்டில் இருக்கிறது. மதுரையில் போய்ப் பார்த்து வாங்கினேன், வெள்ளை இனாமல் பூசின இரும்புத் தொட்டி, லாரியில் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்றது.

அது எதற்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றவன் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். நின்றேன், பொய்யில்லை. ஆனால் முதல் மூன்று வருஷம் ஓர் அதிகாரி வீட்டு எடுபிடியாக இருந்தேன். அவர் வீட்டில் இப்படி ஒரு தொட்டி உண்டு. அவர் குளித்துவிட்டு எழுந்து போனதும் அதைத் தேய்த்துக் கழுவுவது என் வேலை. சோப்பு அழுக்கு வளையமாகப் படிந்திருக்கும், முடி ஒட்டியிருக்கும், எல்லாவற்றையும் கையால் எடுக்க வேண்டும். ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டுவார். திட்ட மாட்டார், வெறுமனே காட்டுவார், அது திட்டுவதைவிட மோசம். ஒருநாள் என் வீட்டில் இதே மாதிரி ஒன்று வைத்து அதில் கால் நீட்டிப் படுக்கிறேனா இல்லையா பார் என்று கறுவிக்கொண்டே தேய்ப்பேன்.

என் மனைவி குருவம்மாவுக்கு மட்டும் இந்தக் கதை தெரியும். தொட்டி வந்து இறங்கின அன்றைக்கு அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மாட்டுக்குக் கழனித்தண்ணி காட்டுறதுக்கு இம்புட்டுப் பெரிய தொட்டியா?" என்று கேட்டாள். மறுநாளே அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி வைத்துவிட்டாள். எங்கள் தெருவுக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருதரம் வரும், சில சமயம் எட்டு நாளாகும். அண்டா, குடம், டிரம் எல்லாம் நிறைந்த பிறகு தொட்டியும் நிறைந்தது. நான் கத்தினேன். "குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல அவியளுக்குப் படுத்துக் குளிக்கணுமாம்" என்று பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். ராஜம்மா தெலுங்கு பேசுகிறவர், "அய்யோ ராமா" என்று வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரிப்பார். ஒரே ஒரு நாள்தான் நான் அதில் படுத்துக் குளித்தேன், உள்ளபடி சொன்னால் ஒன்றும் சுகமாக இல்லை, முதுகுதான் வலித்தது. அதன் பிறகு அது தண்ணீர் பிடிக்கிற தொட்டியாகவே ஆகிப்போனது. நான் வாராவாரம் காலியாக்கித் தேய்த்து, பளபளவென்று வைத்திருப்பேன். உப்புத் தண்ணீர்க் கோடு ஒன்று விழ விடமாட்டேன். அதில் ஒரு கிறுக்கு எனக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குருவம்மாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு வார்த்தை கிடையாது, தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள், நரம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் தொட்டிக்கு ஒரு பயன் வந்தது. தினமும் மத்தியானம் வெந்நீர் விளாவி, அவளைத் தூக்கிக்கொண்டு போய் அதில் உட்கார வைத்து, தைலம் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். ஆள் வைத்துக்கொள்ளவில்லை, நானே செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் மல்லிகா, போகிற இடமெல்லாம் இதைச் சொல்லுவாள். அவள் மாமியார் வீட்டில் எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. "ஆம்பிளைன்னா எங்க சம்பந்தி மாதிரி இருக்கணும்" என்று அவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் தங்கள் புருஷன்மாரைக் குத்திக்காட்டுவார்களாம். கேட்கக் குளுகுளுவென்று இருக்கும்.

இனிமேல் சொல்லப்போவதை மல்லிகாவிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறேன், இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

போன வருஷம் ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டு நாலு நாளாக வெயிலே இல்லை. அன்று காலையில்தான் தொட்டியைத் தேய்த்துப் பளிங்கு மாதிரி வைத்திருந்தேன். மத்தியானம் அவளை அதில் உட்கார வைத்து, தலைக்கு ஊற்றப் போகும்போது அவளுக்கு வயிறு போய்விட்டது. தண்ணீரிலேயே. அவள் என்ன செய்வாள்? உடம்பு அவள் சொல் கேட்கிற உடம்பா? ஆனால் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இல்லை, தெரியும். இருபது வயதில் குனிந்து தேய்த்தேனே, அந்த ஆத்திரம் மொத்தமும் அவள் மேல் வந்தது. "ஏட்டி, இப்பத்தானட்டி தேச்சு வச்சேன்! கெட, அதுலயே கெட!" என்று கத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் குளியலறைக்கு வெளியிலும் தாழ்ப்பாள் வைப்பார்கள். சாக்கடை வழியாகப் பெருச்சாளி ஏறும், மழைக்காலத்தில் பாம்பும் வரும், வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. இரும்புத் தாழ்ப்பாள், துரு ஏறி இறுகிப்போனது, கைப்பிடியைத் தூக்கி அழுத்தித் தள்ளினால்தான் நகரும். அதைத் தள்ளிப் பூட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, டீக்கடைக்குப் போய்விட்டேன்.

செத்த நேரம் கோபம் ஆறட்டும் என்றுதான் போனேன். அங்கே நாலு பேர் இருந்தார்கள், அரசியல் பேச்சு, மழைப் பேச்சு. டீ மாஸ்டர் கேட்டார், "வீட்டம்மா எப்படி இருக்காக? உங்கள மாதிரி யாரு பாப்பா இந்தக் காலத்துல?" என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம், தினமும் நான்தான் குளிப்பாட்டுகிறேன் என்று ஆரம்பித்து, எப்படித் தூக்குவது, எப்படித் தைலம் தேய்ப்பது என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர்கள் ஆச்சரியப்பட ஆச்சரியப்பட இன்னும் சொன்னேன். அந்த நேரம் அவள் அசிங்கத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள். நாலு மணி மில் சங்கு ஊதியது, அதன் பிறகும் இன்னொரு டீ சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தண்ணீர் சில்லிட்டுப்போயிருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், இடது கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அன்று ராத்திரி காய்ச்சல், மறுநாள் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். அந்தப் பன்னிரண்டு நாளும் கஷாயம் கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். தப்புத்தான் குருவம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மல்லிகாவிடம் "மழை ஒத்துக்கலம்மா" என்று சொன்னேன். எல்லோரிடமும் அதையே சொன்னேன். கருமாதிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்கினாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு குளியலறையைப் பூட்டிவிட்டேன். பின்னால் மோட்டார்ப் பக்கம் நின்று வாளியில் மொண்டு குளித்துக்கொள்வேன். யாராவது கேட்டால் குழாய் கெட்டுப்போச்சு என்பேன்.

இந்த வருஷம் தலைத் திவசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை படையல், முந்தின நாளே வந்துவிடுகிறோம் என்று மல்லிகா போன் செய்தாள். "நானும் அவுகளும், மாமியாரும் வாராங்கப்பா. பாத்ரூமக் கழுவி வைங்க, மாமியாருக்கு வெளிய நின்னு குளிக்க வராது." போனை வைத்துவிட்டு அன்றே பூட்டைத் திறந்தேன்.

தொட்டி பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிலும் மஞ்சளாக ஒரு கோடு, உப்பு பூத்து முள் முள்ளாக இருந்தது. அது பெரிய விஷயமில்லை, எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுக் குழைத்துப் பூசி அரை நாள் ஊற விட்டால் போய்விடும், போயும் போய்விட்டது. ஆனால் விளிம்பில் இடது பக்கம் நாலு கறை இருந்தது. துருப்பிடித்த நிறம். பக்கத்துப் பக்கத்தில் நாலு. சுண்டுவிரல் கொஞ்சம் தள்ளி.

நான் பயப்படவில்லை. காரணம் சொல்லத் தெரிந்த ஆள் நான். போர்வெல் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, அவள் கையில் தைலம் இருந்தது, இரண்டும் சேர்ந்து காய்ந்து ஊறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். சரி, எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். புளியைக் கரைத்து உப்புப் போட்டுத் தேய்த்தேன். பித்தளைப் பாத்திரமே பளிச்சென்று ஆகிவிடும், இது அசையவில்லை. வினிகரில் துணியை நனைத்து ஒரு ராத்திரி முழுக்கச் சுற்றி வைத்தேன். பல் தேய்க்கிற பேஸ்ட், பாத்திரப் பொடி, கடைசியில் அந்தக் காலத்து அதிகாரி வீட்டு வித்தையான செங்கல் பொடி வரைக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். தேய்த்துக் கழுவினால் போன மாதிரி இருக்கும். ஈரம் காய்ந்ததும் திரும்பத் தெரியும். புதன், வியாழன் இரண்டு நாளும் இதே வேலை. உள்ளங்கை தோலுரிந்து, விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணி வாக்கில், இன்றைக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று போனேன். வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. முன்கதவைக் குரங்குத் தொல்லைக்காக உள்ளே பூட்டியிருந்தேன், பின்பக்கக் கம்பிக் கதவும் பூட்டு, இரண்டு சாவியும் என் இடுப்பில். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். தொட்டியை அடைத்துவிட்டு பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகத் தூவினேன். அது போதாது என்று தோன்றி, அதன் மேலேயே கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினேன். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. எழுதி வைத்ததைப் படித்து நடக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நுரைத்துப் பொங்கி, பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழும்பியது. மிளகாய்ப் பொடியைத் தொண்டையில் கொட்டின மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கதவைப் பார்த்துத் திரும்பினேன். அப்போதுதான் கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று வைத்துக்கொள்வோம், புகை பொங்குகிற வீட்டில் காற்று எங்கிருந்து வந்தது என்று தெரியாது, ஆனாலும் வைத்துக்கொள்வோம். ஆனால் அடுத்தது தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு இரும்பு உரசி நகர்ந்து குழிக்குள் போய் உட்காருகிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ தரம் வெளியே நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே இருந்து கேட்டது அதுதான் முதல் தரம். வெளியே கேட்கிறபோது அது ஒன்றுமே இல்லாத சத்தம். உள்ளே கேட்டால், வெளியே இருக்கிறவன் மனசு வைத்தால்தான் இனி உண்டு என்கிற சத்தம்.

கதவை இடித்தேன், உதைத்தேன். மூச்சு முட்டியது. தொட்டிக் குழாயைத் திருப்பித் தண்ணீரை விட்டேன், புகையை அமுக்கும் என்று. மேலே காற்று வர ஒரு கண்ணாடிச் சட்டம் உண்டு, அதில் மூக்கை வைத்து மூச்சு விடலாம் என்று தொட்டி விளிம்பில் ஏறினேன். ஆசிட் வழுக்கி, இடுப்பு அடிபட, தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் அசையவே இல்லை, மரத்துப்போயிருந்தது. தண்ணீர் ஏற ஏறப் புகை அடங்கியது. நெஞ்சு மட்டம் வந்ததும் இடது காலாலேயே தட்டிக் குழாயை நிறுத்தினேன். உடம்பெல்லாம் எரிச்சல், அதற்குள் குளிர். மேல்தொட்டித் தண்ணீர், ஐப்பசிக் குளிர்.

ராஜம்மா என்று கத்தினேன். தொண்டை வெந்துபோய் காற்றுத்தான் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியாது. நாலு மணி மில் சங்கு ஊதினபோதுதான் நேரம் தெரிந்தது. அப்போது கீழே பார்த்தேன். சாய்ந்து விழுந்துவிடாமல் இருக்க இடது கையால் விளிம்பைப் பிடித்திருக்கிறேன். என் நாலு விரலும் அந்த நாலு கறையின் மேல்தான் இருந்தது. வேறெங்கும் பிடிக்க முடியாது, அந்தத் தொட்டியில் அப்படி உட்கார்ந்தால் கை அங்கேதான் வரும். அவளும் அதனால்தான் அங்கே பிடித்திருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷமும் அந்தத் தண்ணீரும் தேவைப்பட்டது.

அப்போது அழுதேன். "குருவம்மா, தெரியாமச் செஞ்சுட்டேன்" என்று சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். அந்த நிலையிலும் பாருங்கள், தெரியாமல் என்றுதான் வாயில் வருகிறது. பிறகு, யாரும் கேட்காமலே, "இல்லட்டி, தெரிஞ்சுதான் செஞ்சேன். கோவத்துல செஞ்சேன். டீக்கடையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது ஒரு கிழவன் அம்மணமாக நாற்சந்தியில் நிற்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

தாழ்ப்பாள் அசைந்தது. கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி கொஞ்சம். நான் திறந்தால் ஒரே இழுப்பில் வரும், அது அப்படி வரவில்லை. பழகாத இடது கையால் திறக்கிறவர்கள் திறப்பதைப் போல நாலைந்து தரம் இழுத்து, நின்று, இழுத்து, கடைசியில் விடுபட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. யாரும் உள்ளே வரவில்லை.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்டால், ஊர்ந்துதான் வந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. முன்கதவு பூட்டியிருந்தது, பின்கதவு பூட்டியிருந்தது, சாவிகள் இடுப்பில் ஈரமாக இருந்தன. தரையில் ஈரக் காலடி ஏதாவது இருக்கிறதா என்று தவழ்ந்து தவழ்ந்து தேடினேன். ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் பயந்திருப்பேன், இல்லாததால் எனக்கு அழுகைதான் வந்தது. நான் பூட்டிவிட்டுப் போனபோது அவளுக்குத் திறந்துவிட யாரும் வரவில்லை. எனக்கு வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மல்லிகா, மாப்பிள்ளை, மாமியார் மூன்று பேரும் வந்தார்கள். இடுப்பில் தைலப் பட்டையும் கையில் புண்ணுமாக நின்ற என்னைப் பார்த்து மல்லிகா பதறிவிட்டாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் குளியலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மாமியார்தான் சொன்னார், "உங்க கை இப்படி ஆகுற வரைக்கும் எங்களுக்காகக் கழுவணுமா சம்பந்தி? பொண்டாட்டியப் பாத்த மாதிரியேல்லா எல்லாரையும் பாக்கீக." அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பூ, இலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது, அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மல்லிகா முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியில் விட்டுப் பூட்டியதை, டீக்கடையை, நீலம் பாரித்த உதட்டை, வெள்ளிக்கிழமை நடந்ததை, ஒன்று விடாமல். அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கை நிற்கவில்லை, நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்லுச்சு. அன்னைக்கு நாலு மணி இருக்கும், நான் அசந்து படுத்திருந்தேன். உங்க நம்பர்லருந்து போன். எடுத்தா அம்மா பேசுது. உடம்புக்கு வாரதுக்கு முன்னாடி எப்படிப் பேசும், அந்தக் குரல். பின்னால மில் சங்கு கேட்டுச்சு. 'பாத்ரூம் கதவு தானா சாத்திக்கிட்டு, தாப்பா விழுந்துட்டு. உங்கப்பா வந்து திறந்துருவாவ. அவியள ஒண்ணும் கேக்காத'ன்னு சொல்லுச்சு. பொறவு, 'அந்தத் தொட்டியப் போட்டுத் தேய்க்க வேண்டாம்னு சொல்லு, கை புண்ணாப் போவும்'னுச்சு. போன வச்சிட்டு."

அந்த நாலு மணிக்கு போன் என் சட்டைப் பையில் இருந்தது. நான் டீக்கடையில் இருந்தேன். குருவம்மாவுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. அப்போது நான் எந்தக் கறையையும் தேய்க்க ஆரம்பிக்கவில்லை, கறையே விழுந்திருக்கவில்லை.

"நீ ஏம்மா இம்புட்டு நாளா சொல்லல?"

"கனவுன்னு நெனச்சேன். ராத்திரி நீங்க போன் பண்ணி அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க. கேக்காதன்னு அம்மா சொல்லியிருந்துச்சு. நான் கேக்கல." நறுக்கியதைத் தண்ணீரில் அள்ளிப் போட்டாள். "அப்ப நான் வச்சிருந்த பழைய போன் எங்க வீட்டு பீரோவுலதான் கெடக்கு. சார்ஜ் போட்டா யார் எப்பப் பேசுனதுன்னு இருக்கும். பாத்துச் சொல்லட்டாப்பா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

பிறகுதான் யோசித்தேன், இன்று வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் போனில் என் நம்பர், அந்த நாள், அந்த நாலு மணி இருந்தால், குருவம்மா அந்தத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டே எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால், என் மகள் என் புண்ணான கையைப் பார்த்துவிட்டு, வாழைக்காய் நறுக்குகிற அந்த நேரத்துக்குள் ஒரு கதை கட்டி அப்பனைக் காப்பாற்றியிருக்கிறாள். மில் சங்கு ஊதியதை நான் முதலில் சொன்னேனா, அவள் சொன்னாளா என்று எனக்கு இப்போது நினைவில்லை. பொய் சொல்லிப் பழகாத பெண் அவள். ஆனால் என் மகள்தானே.

தொட்டியைத் தேய்ப்பதை விட்டுவிட்டேன். இடித்து எடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அவள் மாமியார் இப்போதும் என்னைப் புகழ்கிறார், மல்லிகா அந்த நேரம் எழுந்து ரசம் எடுக்கப் போய்விடுவாள். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னல் பக்கம் அந்தப் பழைய போன் சார்ஜில் கிடந்தது. "அம்மா போட்டோ ரெண்டு மூணு அதுலதான் இருக்குப்பா, எடுக்கணும்" என்றாள். திரையில் வெளிச்சம் வந்தது. நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன்.

ராஜபாளையம் வருவதற்குள் அவளிடமிருந்து போன் வந்தது. அந்தப் போனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "கை ஆறிட்டாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆறிவிட்டது என்று சொன்னேன்.